பத்தடிக் கணக்கு

சரக்கு லாரியின் மேலேறிக் கயிறு கட்டுவதை ஒரு தொழிலென்று மதிப்பார் எவருமில்லை. லாரி ஓட்டுவது தொழில். மூட்டை ஏற்றுவது தொழில். ஏற்றியானபின் தார்ப்பாயை விரித்து, வலையை இழுத்து, சங்கிலியை முடுக்குவதோ இடையில் வந்துபோகும் கால்மணி நேரச் சில்லறை வேலையாம்! அந்தக் கால்மணி நேரத்திலேதான் கெலிண்டான்களின் இடுப்பெலும்பும் ஓட்டுநர்களின் மண்டையோடும் உடைகின்றன.

“கவனமின்றி விழுந்தான்” என்பது முதலாளிமார் வாயில் வரும் முதல் வார்த்தை. “அவன் தலைவிதி” என்பது நம்மவர் சொல்லும் அடுத்த வார்த்தை. இரண்டும் வெவ்வேறு வாய்களிலிருந்து வந்தாலும் செய்யும் வேலை ஒன்றே. விழுந்தவன் ஏன் அங்கே ஏற வேண்டியிருந்தது என்ற கேள்வியை அவை எழவிடுவதில்லை. ஆயுத பூசையன்று லாரிச் சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம், பூசணிக்காய் உடைக்கிறோம். அதே லாரியில் ஏறி இறங்க ஓர் ஏணி உண்டா என்று பார்த்தவர் எத்தனை பேர்?

செம்பனைத் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். குலைகள் பெட்டியின் விளிம்புக்கு மேலே கூம்பாகக் குவிக்கப்படுகின்றன. வழியில் உருண்டு விழாதிருக்க வலை போட வேண்டும். போடுகிறவன் டயரை மிதித்து, விளிம்பைப் பற்றி, முள் நிறைந்த குலைகளின்மேல் ஏறுகிறான். கால் வைக்கும் குலை ஒவ்வொன்றும் உருளக்கூடியது. நசுங்கிய பழமோ எண்ணெய்ப் பசை. மழை பெய்திருந்தால் சொல்லவே வேண்டுவதில்லை. பட்டணத்துக் கிடங்கிலோ ஈரத் தார்ப்பாய் வழுக்குகிறது; காற்றடித்தால் பாய்மரம்போல் உப்பி ஆளையும் சேர்த்து இழுக்கிறது. கயிறு இறுக்குகிறவன் தன் உடற்பாரம் முழுவதையும் பின்னால் சாய்த்து இழுக்கிறான். கயிறு அறுந்தாலும் முடிச்சு நழுவினாலும் அவன் போகும் திசை ஒன்றுதான்: பின்புறம், கை ஊன்ற வழியின்றி, தலை முன்னாக.

இதற்கு வரும் மறுமொழியைக் கேளுங்கள். “லாரித் தட்டு நாலரை அடிதானே? இதுவும் ஒரு உயரமா?” என்கிறார்கள். நன்று, கணக்குப் பார்ப்போம். 4½ அடித் தட்டின்மேல் 5½ அடி ஆள் நிற்கிறான். அவன் பாதம் தரையிலிருந்து 4½ அடியில் இருக்கிறது. தலையோ 10 அடியில் இருக்கிறது. பின்புறம் சாய்பவனின் மண்டை சிமெண்டுத் தரையை அடைவது அந்தப் பத்தடியிலிருந்துதான். குவித்த சரக்கின்மேல் நிற்பவன் கணக்கை நாம் இன்னும் தொடவேயில்லை.

சட்டமும் பாதத்திலிருந்தே அளந்து பழகியது. மலேசியாவில் 1967ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் 1970இல் வந்த விதிகள், 10 அடிக்கு மேல் விழக்கூடிய இடத்துக்கே தனிப் பாதுகாப்புக் கேட்டன. சிங்கப்பூரில் 2013இல் வந்த விதிகளும் 3 மீட்டருக்கு மேல் விழக்கூடியதையே அபாயமான உயரவேலையென வகுத்து அனுமதிச்சீட்டுக் கோருகின்றன. அதுவும் ஏறக்குறைய அதே பத்தடி! பிரிட்டனிலோ 2005ஆம் ஆண்டு விதிகள் இத்தகைய அளவுகோலையே தள்ளி, விழுந்து காயம்படக்கூடிய எவ்வுயரமும் உயரமே என்றன. அங்கே விழுகிறவன் எலும்பு வேறு, இங்கே விழுகிறவன் எலும்பு வேறா?

சரக்கு சாலையில் சிதறினால் ஊரே பார்க்கிறது, போலீஸ் வருகிறது, ஓட்டுநருக்கு அபராதம் விழுகிறது. சரக்கு விழாதிருக்கக் கட்டப்போன ஆள் கிடங்கின் கொல்லையில் விழுந்தால், அவனைத் தூக்கிவிட்டவனைத் தவிரக் கண்டவர் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசப்பட்டிருக்கையில், “இறங்கி ஏணி தேடு” என்று புத்தி சொல்வதும் வீண். ஏணி தேடும் நேரத்துக்குக் கூலி கொடுப்பவர் யார்?

தலைக்கவசமும் சப்பாத்தும் கொடுத்துவிட்டோம் என்பர் சிலர். கொடுத்தது நல்லதே; ஆனால் ஆளை மேலே ஏற்றாமல் வேலையை முடிக்க முயன்றார்களா? பட்டையை நீண்ட கோலால் மறுபுறம் தள்ளித் தரையில் நின்றே முடுக்கலாம். வலையையும் தார்ப்பாயையும் கைப்பிடிச் சுழற்சியால் இழுக்கும் பொறி உண்டு. குலையை விளிம்புக்குள் நிறுத்திக் கொண்டால் மேலேறும் தேவையே குறையும்; ஆனால் எவ்வளவு ஏற்றுவது என்று தீர்மானிப்பவன் கட்டுகிறவன் அல்லன். ஏறத்தான் வேண்டுமென்றால், கிடங்கில் கைப்பிடிக் கம்பியுடன் ஒரு மேடை போதும். ஒரு லாரியின் விலைக்கு முன்னால் இவற்றின் செலவு எம்மாத்திரம்?

மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அபாயத்தை முன்கூட்டி மதிப்பிடுவது முதலாளியின் கடமை. கடமை தவறினால் முன்பு 50,000 ரிங்கிட்டாக இருந்த உச்ச அபராதம் இன்று 500,000. உடனடி ஆபத்தை முதலாளி நீக்காவிடில், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகிக்கொள்ளலாம் என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஈரக் குலைமேல் ஏறமாட்டேன் என்று ஒரு கெலிண்டான் சொல்ல அது இடம் தருகிறது. நமது சங்கங்கள் இதனை எளிய தமிழிலும், வங்காளியும் நேப்பாளியும் இந்தோனேசியனும் படிக்கும் மொழிகளிலும் அச்சிட்டுத் தோட்டந்தோறும் கிடங்குதோறும் ஒட்டட்டும். எந்த அலுவலகம் அதைக் கிழிக்கிறது என்று பார்ப்போம்.