எங்களை நடக்க வைத்துப் பாருங்கள்: நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளின் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், தொழிலாளர் நலத் துறைக்கும், சட்டமன்ற உறுப்பினர்களுக்கும், பொதுமக்களுக்கும்:

புகையிலும் பீடியிலும் வந்த சிஓபிடி என்ற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய், காசநோய் ஆறிய பிறகும் தங்கிவிட்ட நுரையீரல் தழும்பு, கல்தூசி, பஞ்சுத்தூசி என்று பல வழிகளில் இங்கே வந்து சேர்ந்தவர்கள் நாங்கள். உட்கார்ந்திருக்கும்போது எங்களில் பலர் நோயாளி மாதிரியே தெரிய மாட்டோம். ஓ.பி.யில் நாற்காலியில் உட்கார வைத்து விரலில் ஆக்சிமீட்டரை மாட்டுகிறார்கள். 96 என்று காட்டியதும் “நல்லாத்தானே இருக்கீங்க” என்று பஃப் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதே ஆள் பேருந்து நிறுத்தம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு இடத்தில் நின்று, முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்குவதை யாரும் பார்ப்பதில்லை. அசையும்போதுதான் எங்கள் நோய் வெளியே வருகிறது. அங்கே வந்து எங்களைச் சோதியுங்கள், அங்கே வந்து சிகிச்சை கொடுங்கள் என்று கேட்கிறோம்.

நடக்கும்போது எங்கள் நெஞ்சுக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கோரிக்கைகள் எல்லாம் அதிலிருந்துதான் வருகின்றன.

சிஓபிடியில் காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. நடை கூடினால் மூச்சு வேகமெடுக்கும். விடும் மூச்சு முடிவதற்கு முன்பே அடுத்த மூச்சை இழுத்தாக வேண்டும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று உள்ளேயே சிக்கி, நெஞ்சுக்கூடு உப்பிக்கொண்டே போகிறது. மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டிய உதரவிதானம் என்ற மூச்சுத் தசை தட்டையாகிக் கீழே அழுந்துகிறது. சுருங்கித்தான் தசை வேலை செய்யும். ஏற்கெனவே குறுகிப்போன தசையை இன்னும் சுருங்கச் சொல்வது, முழுக்க மடக்கிய கையால் பாரம் தூக்கச் சொல்வது போலத்தான். மூச்சை இழுக்கும்போது சிலருக்குக் கீழ் விலா எலும்புகள் விரிவதற்குப் பதிலாக உள்ளே ஒடுங்கும். கழுத்துத் தசைகள் புடைத்துக்கொண்டு துணைக்கு வரும்.

வீட்டு வேலைக்கும் அதே கழுத்து, தோள் தசைகள்தான் வேண்டும். கொடியில் துணி உலர்த்தும் ஒரு பெண்ணைக் கவனியுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்கியதும் மூச்சுக்குத் துணை நின்ற தசைகள் கையைத் தாங்கப் போய்விடுகின்றன. இரண்டாவது சேலையைப் போடுமுன் கொடியையே பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தலை வாருவதற்கும், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வதற்கும் இதே கதிதான். “வீட்டு வேலைக்குச் சோம்பல்” என்று மாமியாரும் “வயசாச்சு இல்லையா” என்று மருத்துவரும் சொல்வது இந்த நிலையைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மூச்சுத் தசை சோம்பிக் கிடப்பதில்லை. கடும் சிஓபிடி உள்ளவர்களின் உதரவிதானத்தில் களைப்பைத் தாங்கும் வகை நார்கள் கூடியிருப்பதை 1997-இலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. இரவு பகலாகச் சுமை தூக்கிப் பழகிய தசை அது. தொடைத் தசையின் நிலைமை நேர் எதிர். மூச்சு வாங்குமே என்ற பயத்தில் உட்கார்ந்தே இருந்து அது கரைந்துபோகிறது. கரைந்த கால் சீக்கிரமே களைக்கிறது; களைத்த கால் இன்னும் அதிக மூச்சைக் கேட்கிறது; அந்தப் பாரமும் உதரவிதானத்தின் மேலேயே விழுகிறது. இன்ஹேலர் காற்றுக்குழாயைத் தளர்த்தும், தொடையில் சதை போடாது. அதற்குப் பயிற்சிதான் வேண்டும். கால் தேறினால் அதே தூரத்துக்குக் குறைந்த மூச்சு போதும்.

பயிற்சி பயன் தருமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை. 65 ஆய்வுகளையும் 3,822 நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பாய்வு 2015-இல் வெளிவந்தது. நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி மூச்சிரைப்பையும் களைப்பையும் குறைத்து நடக்கும் திறனைக் கூட்டுகிறது என்பதை அது உறுதிப்படுத்தியது. வழக்கமான சிகிச்சையோடு இதை ஒப்பிட இனிப் புதிய ஆய்வு தேவையில்லை என்றே முடிவு சொன்னார்கள். ஆனாலும் எங்களில் பலருக்கு இப்படி ஒரு சிகிச்சை இருப்பதாகக்கூட யாரும் சொல்லவில்லை.

ஆகவே, முதல் கோரிக்கை: எங்களை நடக்க வைத்துச் சோதியுங்கள். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு வேண்டியவை 30 மீட்டர் தாழ்வாரம், இரண்டு கூம்புகள், ஒரு நாற்காலி, கடிகாரம், ஆக்சிமீட்டர், பயிற்சி பெற்ற ஓர் ஊழியர். எத்தனை மீட்டர் நடந்தார், ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, மூச்சிரைப்புக்குப் பத்தில் எத்தனை மதிப்பெண் கொடுக்கிறார், கால் களைத்ததா மூச்சு முட்டியதா ஆகிய நான்கையும் நோயாளியின் கையேட்டில் எழுதுங்கள். எல்லா அரசு மருத்துவமனைகளிலும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் சோதனையோடு சேர்த்து இது நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கையில் சரியாக இருந்து, நடந்தால் ஆக்சிஜன் இறங்கும் ஆட்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். நாற்காலியில் அவர்களைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவது, எங்களுக்குப் பெரிதும் வேண்டியது: எட்டு வார மறுவாழ்வுப் பயிற்சியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவாருங்கள். மூச்சிரைப்பவரை வாரம் இரண்டு முறை பேருந்து மாறி மாவட்டத் தலைநகருக்கு வரச் சொன்னால் மூன்றாவது வாரமே நின்றுவிடுவார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்டுகள் ஏற்கெனவே வீடு தேடிப் போகிறார்கள். அவர்களின் பணிப் பட்டியலில் நுரையீரல் மறுவாழ்வையும் பெயர் சொல்லிச் சேர்த்து, அதற்கான பயிற்சியையும் போதிய ஆட்களையும் கொடுங்கள். நடை, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரல், தண்ணீர் பாட்டிலைத் தூக்கும் கைப்பயிற்சி, உதட்டைக் குவித்து மூச்சு விடுதல் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம். ஒரே ஒரு முறை வீட்டுக்கு வந்து, பிறகு வாரம் ஒரு தொலைபேசி அழைப்போடு நடத்திய பயிற்சி, மையத்தில் நடந்த பயிற்சிக்குக் குறையாத பலனைப் பயிற்சி முடிவில் தந்ததாக 2017-இல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று சொன்னது. நமக்கு இது புதிதும் அல்ல. காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்திருக்கத் தேவையில்லை, வீட்டிலிருந்தே குணப்படுத்தலாம் என்று 1950-களின் இறுதியில் உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியது சென்னைதான்.

மூன்றாவது, மூச்சுத் தசையின் வலுவையும் அளந்து பாருங்கள். வாயால் இழுக்கும் அழுத்தத்தை அளக்கும் கருவி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலாவது இருக்க வேண்டும். தசை உண்மையில் தளர்ந்தவர்களுக்கு, எதிர்ப்பை அளவோடு கூட்டும் பயிற்சிக் கருவியை இலவசமாகக் கொடுங்கள். எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லவில்லை. உடற்பயிற்சியோடு அதையும் சேர்ப்பதால் எல்லோருடைய நடையும் கூடுதலாக முன்னேறுவதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கொடுக்கும் மூன்று பந்துக் கருவியை எங்கள் கையில் கொடுத்து, மூச்சுப் பயிற்சி முடிந்தது என்று கணக்கு எழுதுவதையும் நிறுத்துங்கள்.

காசநோய் மருந்து முடிகிற நாளில் “கிருமி இல்லை” என்று சொல்லி அட்டையை மூடாதீர்கள். அன்றே ஊதும் சோதனையும் நடைச் சோதனையும் செய்து, இளைப்பு மிச்சமிருப்பவரை மறுவாழ்வுப் பயிற்சிக்கு அனுப்புங்கள். நோய் முற்றி மருத்துவமனையில் கிடந்து வீடு திரும்புபவருக்கு நான்கு வாரத்துக்குள் பயிற்சி தொடங்க வேண்டும். விறகடுப்பில் வாழ்நாளைக் கழித்த பெண்களிடம் “பீடி, சிகரெட் உண்டா?” என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளாமல் அடுப்பைப் பற்றியும் கேளுங்கள்.

கல்குவாரி, நூற்பாலைத் தொழிலாளர்களுக்குத் தூசியால் வரும் நுரையீரல் நோய்கள் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய்கள். இழப்பீட்டை முடிவு செய்யும்போது எக்ஸ்ரே படத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்த ஆளால் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, எவ்வளவு பாரம் தூக்க முடிகிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். வேலை செய்யும் திறனை இழந்ததற்குத்தானே அந்தப் பணம்!

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகைகளில் நாள்பட்ட நுரையீரல் நோய் இல்லை. ஐம்பது மீட்டர் நடக்க முடியாதவருக்கும் சான்றிதழ் கிடையாது. இதை மாற்றும்படி ஒன்றிய அரசை வலியுறுத்தச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அதுவரை, நடைச் சோதனையின் அடிப்படையில் மாநில அளவில் பயணச் சலுகையும் உதவித்தொகையும் கிடைக்க வழி செய்யுங்கள்.

நெஞ்சக நோய்ப் பிரிவு ஓ.பி. எங்கே இருந்தாலும் தரைத்தளத்துக்குக் கொண்டுவாருங்கள். தாழ்வாரத்தில் இடையிடையே பெஞ்சு போடுங்கள். இதற்கு எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம்.

நாங்களும் கைகட்டி உட்கார்ந்திருக்க மாட்டோம். பீடியை விடுவோம், சொன்ன பயிற்சியைத் தினமும் செய்வோம், எட்டு வாரம் முடித்தவர்கள் அடுத்த தெருக்காரரைக் கூட்டிக்கொண்டு நடப்போம். இந்தச் சாசனத்துக்கு எழுத்துப்பூர்வமான பதிலை, எந்த மாவட்டத்தில் எப்போது தொடங்குவீர்கள் என்ற கால அட்டவணையோடு, நவம்பரில் வரும் உலக சிஓபிடி நாளுக்கு முன் எதிர்பார்க்கிறோம்.