ஒரு ரின் மீன்... நாலு கோப்பை சோறு!

மாசம் பிறந்து 20 நாள் தாண்டிவிட்டால் போர்டிங்கில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே வருத்தம்தான்... பர்ஸ் மெலியும், கூடவே நாங்களும் மெலிவோம்! காலையில் பிளேன் டீயும் ரெண்டு பிஸ்கட்டும், மத்தியானம் கன்ரீனில் ஒரு ரோல்ஸ், ராவைக்கு நூடுல்ஸ். பின்னேர லெக்சரில் கண் சொருகினால் அதுக்கு லெக்சரரை மட்டும் குறை சொல்லக்கூடாது பாருங்கோ.

மஹபொல காசு 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ரூபாயாகக் கூடியது. சந்தோஷம்தான். ஆனால் இன்ஜினியரிங் படிக்கிற எங்களுக்குக் கணக்குப் போடாமல் இருக்க ஏலாதே... அந்த 7,500ஐ 30ஆல் பிரிச்சால் ஒரு நாளைக்கு 250 ரூபாய்தான் வந்தது. போர்டிங் காசு, பஸ் காசு, போட்டோகொப்பி, போனுக்கு டேட்டா எல்லாம் அதுக்குள்ளதான். முதலில் வெட்டு விழுகிற இடம் வயிறு. கோப்பையில் முதலில் காணாமல் போவது மீனும் முட்டையும்.

அதனால் இந்தக் கிழமை எங்கட ஹீரோ, சந்திக்கடை ராக்கையில் அடுக்கி வைத்திருக்கிற ரின் மீன்!

பேர் ஒன்று, ஆள் வேறு

சிங்கள நண்பர்கள் இதை 'செமன்' என்பார்கள். சல்மன் மீனின் பேர்தான் அது. ஆனால் ரின்னைத் திருப்பி வாசித்துப் பாருங்கோ... பெரும்பாலும் மெக்கரல் அல்லது ஜக் மெக்கரல் என்றுதான் போட்டிருக்கும். சரி, பேரை விடுவம். நம்பரைப் பார்ப்பம்.

ரின்னில் ரெண்டு எடை இருக்கும். பெரிய ரின்னில் 425 கிராம் என்று கொட்டை எழுத்தில் இருப்பது மீனும் தண்ணியும் சேர்ந்த எடை. பக்கத்தில் சின்னதாக இன்னொன்று இருக்கும்... வடித்த எடை. அது 280 கிராம் போல வரும். எங்கட வயிற்றுக்குள் போகிற மீன் அவ்வளவுதான். ஆகவே விலையை 425ஆல் பிரிக்காமல் வடித்த எடையால் பிரியுங்கோ. சின்ன ரின்னுக்கும் அதையே செய்தால், எது லாபம் என்று கடையில் நின்றே கண்டுபிடிக்கலாம். எஸ்.எல்.எஸ். 591 முத்திரை இருக்கா என்று பாருங்கோ. திகதியையும் பாருங்கோ. ஊதின ரின், கசிகிற ரின், கறள் பிடித்த ரின்... சும்மா தந்தாலும் வேண்டாம்!

100 ரூபாய்க் காலம்

2020 மார்ச்சில் அரசாங்கம் 425 கிராம் ரின்னுக்கு 100 ரூபாய் உச்ச விலை போட்டது. சீனியர் அண்ணாமார் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். அந்தக் கட்டுப்பாடு நிலைக்கவில்லை. பிறகு 2022 நெருக்கடியில் விலை எங்கேயோ ஏறிப் போனது. இப்ப ஒரு ஆள் தனியா ஒரு பெரிய ரின் வாங்கிச் சாப்பிட்டால் கட்டாது. நாலு பேர் சேர்ந்தால் கட்டும்!

எப்படி என்று கேட்கிறீர்களா? வடித்த 100 கிராம் ஜக் மெக்கரலில் கிட்டத்தட்ட 23 கிராம் புரதம். 280 கிராமுக்கு 64. நாலு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 16 கிராம். ஒரு முட்டையில் இருப்பது 6 கிராம் அளவில். அதாவது ஆளுக்கு ரெண்டரை முட்டை சாப்பிட்ட மாதிரி. நடு முள்ளை எடுத்து எறியாதேயுங்கோ. ரின்னை மூடின பிறகு, அழுத்தத்தில், 120 பாகை செல்சியஸ் அளவில் அவிக்கிறதால் அந்த முள் மாவாகிப் போயிருக்கும். கல்சியம் அதுக்குள்ளதான். மீன் ஏற்கெனவே வெந்தது என்பதால் காஸும் மிச்சம்.

சட்டியை வையுங்கோ...

நாலு பேருக்கு: பெரிய ரின் 1, உருளைக்கிழங்கு 3, பெரிய வெங்காயம் 2, தக்காளி 2, பச்சை மிளகாய் 3, உள்ளி 5 பல்லு, கறிவேப்பிலை ஒரு நெட்டு, யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, தேசிக்காய் பாதி.

கிழங்கைச் சின்னச் சின்னதாக வெட்டுங்கோ, கெதியா அவியும். தாச்சியில் ரெண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு வெங்காயம், உள்ளி, மிளகாய், கறிவேப்பிலையை வதக்கி, தக்காளியைப் போட்டுக் கரைய விடுங்கோ. தூளைப் போட்டு ஒரு பிரட்டு. பிறகு கிழங்கு. இப்ப ரின்னில் இருக்கிற தண்ணியை ஊத்துங்கோ. அதைக் கானுக்குள் ஊத்துகிறவர்களுக்கு ஒரு கும்பிடு... ருசி பாதி அதுக்குள்ளதான் இருக்கு! காணாவிட்டால் பச்சைத்தண்ணி கொஞ்சம் சேர்த்து மூடி அவிய விடுங்கோ. ரின் தண்ணியில் உப்பு இருக்கும், ஆகவே நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் உப்பு.

கிழங்கு அவிந்த பிறகு கடைசியாக மீன். கரண்டியால் போட்டுக் கிண்டினால் கூழாகிவிடும். தாச்சியை மெல்லக் குலுக்கி, ஐந்து நிமிஷம் மெல்லிய நெருப்பில் விட்டு இறக்கி, தேசிக்காயைப் பிழிந்து விடுங்கோ. சூடான சோறு, பக்கத்தில் ஒரு பருப்பு. சோறு இல்லாவிட்டால் பாண். ரூமில் சைவக்காரர் யாரும் இருந்தால் பருப்பை முதலே தனிச்சட்டியில் வையுங்கோ, பாவம்!

ஹொஸ்டலில் சமைக்கத் தடையா? வடித்த மீனை உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், மிளகுதூள், தேசிக்காய்ப் புளி போட்டுப் பிசைந்தால் சம்பல் ரெடி. பாணுக்கு நடுவில் வைத்து ஒரு கடி... அடுப்பே தேவையில்லை.

பிரிஜ் இல்லாத ஊர்

ஒரு சீரியஸ் விஷயம். ரின் மூடியிருக்கும் வரைக்கும் ராசா. திறந்தால் பச்சை மீன் மாதிரிக் கவனமாக இருக்க வேண்டும். பிரிஜ் இல்லாத போர்டிங்கில் மிச்சத்தை வைத்து நாளைக்குச் சூடாக்கலாம் என்று நினைக்காதேயுங்கோ. மெக்கரல் வகை மீன் வெளியில் இருந்தால் அதில் ஹிஸ்டமின் சேரும். திருப்பிக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. முகம் சிவக்கும், உடம்பு கடிக்கும், தலையிடிக்கும். பிரிஜ் இருக்கிறவர்களும் ரின்னோடு வைக்காமல் வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ரெண்டு நாளுக்குள் முடிக்க வேண்டும்.

ஆகவே சட்டம் ஒன்றுதான்: நாலு பேர் சேர்ந்தால் மட்டும் ரின்னை உடை!

இந்தச் சட்டத்தால் இன்னொரு நன்மையும் இருக்கு. எல்லா பட்ச்சிலும் ஒரு ஆள் இருப்பார். மாசக் கடைசியில் கன்ரீனுக்குக் கூப்பிட்டால் "நான் சாப்பிட்டிட்டன் மச்சான்" என்பார். எங்கே, என்ன சாப்பிட்டார் என்று கேட்டால் போனைப் பார்ப்பார். கடன் கேட்க மாட்டார், நீட்டினாலும் வாங்க மாட்டார். மச்சாள்மார் ரூமிலும் இதே கதைதான்... "டயட்டில இருக்கிறன்" என்று மட்டும் வசனம் மாறும்.

அவருக்கு இரக்கம் காட்டப் போனால் ரோஷம் வரும். இப்படிக் கூப்பிடுங்கோ: "மச்சான், ரின்னை உடைச்சிட்டம். பிரிஜ் இல்ல, மிச்சம் வைக்க ஏலாது. வந்து முடிச்சுத் தா!" இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, முழுக்க விஞ்ஞானம். காசு இருக்கிறவர் ரின் வாங்கட்டும், கிழங்கு இருக்கிறவர் கிழங்கு கொண்டு வரட்டும், ஒன்றும் இல்லாதவர் சட்டி கழுவட்டும். கணக்கு சரி.

இந்த மாசம் 20 தாண்டியாச்சா? உங்கட ரூமில் நாலாவது கோப்பை யாருக்கு என்று இப்பவே யோசித்து வையுங்கோ.