அட்மினா ஓட்டுக் கேட்டு வருகிறார்?

2018 மார்ச்சில் ‘திரிபுராவில் இன்று லெனின் சிலை, தமிழகத்தில் நாளை பெரியார் சிலை’ என்ற பொருளில் எச். ராஜாவின் முகநூல் பக்கத்தில் ஒரு பதிவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் நீக்கினார்கள். அட்மின் போட்டது என்றார். 2019இல் அவரே சிவகங்கை மக்களவை வேட்பாளர். 2024 டிசம்பரில்தான் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் 6 மாதச் சிறை விதித்தது. மேல்முறையீட்டுக்காகத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது.

நம்மை இழிவுபடுத்தும் பதிவுகளுக்கும் இதே சாக்குதான் வரும். வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளைப் படிவம் 26இல் குறிப்பிட்டுக் கையெழுத்திடுகிறார். கணக்கு அவருடையது என்றால் பதிவுக்கும் அவரே பொறுப்பு. எழுத்தால் நம்மீது பகைமை வளர்ப்பதும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

தோழர்களே, பதிவு மறையும் முன் இணைப்பு, தேதி, ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் சேமிப்போம். ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வரும்போது காட்டிக் கேட்போம்.