பாடவும் பிடிக்கவும் ஒரே வீரர்: கபடியில் ஆல்-ரவுண்டர்களின் முக்கியத்துவம் உயர்வது ஏன்?

திருப்பதி: கபடி அணியில் புள்ளிகளை அள்ளும் ரெய்டருக்குக் கைதட்டல் கிடைக்கிறது. எதிரணி வீரரை மடக்கிப் பிடிக்கும் கார்னர் வீரருக்கும் பெயர் கிடைக்கிறது. ஆனால் இரண்டு பணிகளையும் செய்யும் ஆல்-ரவுண்டரை, கல்லூரி, மாவட்ட அணிகள் பலவும் காலியிடத்தை நிரப்பும் வீரராகவே பார்த்து வந்துள்ளன. புரோ கபடி லீக்கின் அண்மைக்காலப் போக்கு இந்தப் பார்வையை மாற்றி வருகிறது. ஜப்பானின் ஐச்சி-நகோயாவில் 2026 செப்டம்பர் 19-ஆம் தேதி ஆசிய விளையாட்டுப் போட்டி தொடங்கவுள்ள நிலையில், சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் இளம் வீரர்களுக்கும் இந்த மாற்றம் முக்கியமானது.

சடுகுடு மண்

தமிழில் சடுகுடு என்றும் தெலுங்கில் செடுகுடு என்றும் வழங்கப்படும் இவ்விளையாட்டு, இரு மொழிகளும் கலந்து பேசப்படும் நகரி, குப்பம், சத்தியவேடு பகுதிகளுக்குப் புதிதன்று. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி பழைய சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமானது. அதே ஆண்டு ஜனவரியில் திருப்பதி இந்திரா மைதானத்தில் தேசிய அளவிலான கபடிப் போட்டி நடைபெற்றது. 2023 டிசம்பரில் ஆந்திர அரசு தொடங்கிய 'ஆடுதாம் ஆந்திரா' திட்டத்திலும் கிரிக்கெட், வாலிபால், கோ-கோ, பேட்மிண்டன் ஆகியவற்றுடன் கபடி இடம்பெற்றது.

திருப்பதியில் 1954-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகமும், 1983-இல் நிறுவப்பட்ட ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் உள்ளன. கிராமத்து மண் தரையில் ஆடியவர்கள் பல்கலைக்கழக அணிகளின் வழியே செயற்கை விரிப்புக்கு வருகின்றனர். 'நீ ரெய்டரா, டிஃபெண்டரா?' என்ற கேள்வியை அவர்கள் எதிர்கொள்வதும் அங்கேதான்.

விதிகள் சொல்லும் காரணம்

ஆல்-ரவுண்டரின் மதிப்பு கபடியின் விதிகளிலேயே அடங்கியுள்ளது. களத்தில் ஓர் அணிக்கு 7 பேர். வழக்கமாக மூவர் ரெய்டர்கள். இரு கார்னர், இரு கவர் என நால்வர் தடுப்பாட்டக்காரர்கள். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே இந்தச் சமநிலை குலைந்துவிடும்.

கபடியில் அவுட் ஆன வீரருக்குப் பதிலாக மாற்று வீரரை இறக்க முடியாது. அணி புள்ளி பெறும்போது, முதலில் வெளியேறியவரே முதலில் உள்ளே வர வேண்டும். ஆகவே எந்த நேரத்தில் யார் களத்தில் எஞ்சியிருப்பார்கள் என்பதைப் பயிற்சியாளர் தன் விருப்பப்படி தீர்மானிக்க இயலாது.

ஓர் அணியின் மூன்று ரெய்டர்களும் அடுத்தடுத்துப் பிடிபட்டதாகக் கொள்வோம். களத்தில் எஞ்சுவோர் நால்வரும் தடுப்பாட்டக்காரர்கள். அடுத்த ரெய்டுக்குப் பாடிச் செல்லப் பழகியவர் எவருமில்லை. தொடர்ந்து இரு ரெய்டுகளில் புள்ளி கிடைக்காவிட்டால், மூன்றாவது ரெய்டில் புள்ளி எடுத்தே ஆக வேண்டும். தவறினால் ரெய்டர் வெளியேற வேண்டும் என்பது லீக் போட்டிகளின் 'டூ ஆர் டை' விதி. பழக்கமில்லாதவர் அந்த 30 விநாடிகளில் எதிர்ப்பக்கம் செல்வது, எதிரணிக்குப் புள்ளியைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதற்குச் சமம்.

மறுபுறம், ரெய்டர்கள் மூவர் மட்டும் எஞ்சினால் வேறு சிக்கல். மூன்று அல்லது அதற்கும் குறைவானோர் எதிரணி ரெய்டரைப் பிடித்தால் 'சூப்பர் டேக்கிள்' முறையில் 2 புள்ளிகள் கிடைக்கும். ஆனால் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவரேனும் அங்கு இருக்க வேண்டும். இல்லையேல் ஆல்-அவுட், எதிரணிக்குக் கூடுதலாக 2 புள்ளிகள். இந்த இரு நெருக்கடிகளிலும் அணியைக் காப்பவர் ஆல்-ரவுண்டரே.

லீக் காட்டும் சான்று

2014-இல் தொடங்கிய புரோ கபடி லீக்கில் மஞ்ஜீத் சில்லர், சந்தீப் நர்வால், தீபக் ஹூடா போன்றோர் இப்பணிக்கு முன்னோடிகள். அண்மைக்காலத்தில் பேசப்படும் பெயர் ஈரானின் முகமதுரெசா ஷாட்லூயி. 10-ஆவது சீசனுக்கு புனேரி பல்டன் அணி அவரை ரூ.2.35 கோடிக்கும், 11-ஆவது சீசனுக்கு ஹரியாணா ஸ்டீலர்ஸ் ரூ.2.07 கோடிக்கும் வாங்கின. இரு முறையும் அவர் ஆடிய அணியே கோப்பையை வென்றது. 10-ஆவது சீசனின் மிகச்சிறந்த வீரராகத் தேர்வான அஸ்லம் இனாம்தாரும் ஆல்-ரவுண்டரே.

ஆந்திர, தெலங்கானா ரசிகர்களுக்கு நெருக்கமான தெலுகு டைட்டன்ஸின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 10-ஆவது சீசனில் நட்சத்திர ரெய்டர் பவன் செராவத்தை ரூ.2.605 கோடிக்கு வாங்கிய அந்த அணி, 22 ஆட்டங்களில் இரண்டில் மட்டுமே வென்று கடைசி இடம் பிடித்தது. 2025-இல் நடைபெற்ற 12-ஆவது சீசனிலோ, ஆல்-ரவுண்டர் விஜய் மாலிக் தலைமையில் இரண்டாவது தகுதிச்சுற்று வரை முன்னேறியது. இம்முன்னேற்றத்திற்கு ஒருவரை மட்டுமே காரணமாகக் கூற முடியாது. தடுப்பாட்டமும் இளம் வீரர்களும் துணைநின்றனர். எனினும் ஒரே ரெய்டரைச் சார்ந்த அணி, அவர் வெளியே அமரும்போது செயலிழக்கும் என்பதை டைட்டன்ஸ் நன்கு அறிந்திருந்தது.

அமெரிக்காவிலும் இதே பாடம்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் 'டைட் எண்ட்' என்றோர் இடம் உண்டு. முன்வரிசையின் ஓரத்தில் நிற்கும் இவ்வீரர், எதிரணியினரைத் தடுத்து நிறுத்தவும் செய்வார். பந்தைப் பிடிக்க முன்னேறி ஓடவும் செய்வார். எதைச் செய்யப்போகிறார் என்பதை எதிரணி கணிக்க முடியாததே அவரது பலம். இவ்விடத்தில் ஆடிய ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் பிராக் பவர்ஸ், 2022, 2023 ஆகிய இரு ஆண்டுகளிலும் சிறந்த டைட் எண்டுக்கான ஜான் மேக்கி விருதைப் பெற்றார். கல்லூரி அளவிலேயே இரு திறன்களையும் வளர்த்ததன் பயன், தொழில்முறை ஆட்டத்தின் முதல் ஆண்டிலேயே தெரிந்தது: 2024-இல் அவர் 112 முறை பந்தைப் பிடித்து, அறிமுக வீரருக்கான சாதனையைப் படைத்தார்.

இளைஞர்கள் முன்னுள்ள கேள்வி

ஆல்-ரவுண்டர் பாதை எளிதானதல்ல. ரெய்டருக்குத் தேவை வேகமும் மூச்சுக் கட்டுப்பாடும். தடுப்பாட்டக்காரருக்குத் தேவை தோள்வலிமையும் காத்திருக்கும் பொறுமையும். இரண்டையும் பழகுபவருக்கு முழங்காலிலும் தோளிலும் சுமை கூடும். குறுகிய நேரத் தேர்வு முகாமில், ஒன்றில் மிகச் சிறந்தவர் கண்ணில் படும் அளவுக்கு, இரண்டிலும் நல்லவர் படுவதில்லை. ரயில்வே உள்ளிட்ட துறைகளில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலையை எதிர்நோக்கும் கிராமப்புற மாணவருக்கு இது வாழ்வாதாரக் கேள்வி.

ஆகவே பொறுப்பு பயிற்சியாளர்களையும் சாரும். ரெய்டர்களுக்குச் சங்கிலிப் பிடியில் துணைநிற்கவும், கவர் வீரர்களுக்கு 'டூ ஆர் டை' ரெய்டுக்குச் செல்லவும் பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியை ஒதுக்குவதற்குப் பெரும் செலவு தேவையில்லை.

சர்வதேச அரங்கில் வெற்றிக்கும் தோல்விக்கும் இடையிலான தூரம் மிகச் சிறியது. 2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசியப் போட்டியின் இறுதி ஆட்டங்களில் இந்திய மகளிர் அணி சீன தைபேயை 26-25 என்ற கணக்கிலும், ஆடவர் அணி ஈரானை 33-29 என்ற கணக்கிலும் வென்றன. ஒரு புள்ளி தங்கத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில், நெருக்கடி நேரத்தில் எஞ்சியிருப்பவர் பாடவும் பிடிக்கவும் வல்லவரா என்பதே அணியின் பலத்தை அளக்கும் அளவுகோல். அத்தகைய வீரர் தேசிய முகாமில் திடீரென உருவாவதில்லை. மாவட்ட மைதானத்திலும் கல்லூரி விரிப்பிலும்தான் உருவாக வேண்டும்.