சுவர் எங்க வைக்கலாம்?

விழுப்புரத்துல எங்க பழைய வீட்டு மாடி ரூம் 18க்கு 12 அடி. தம்பிக்குக் கல்யாணம், எனக்கு வீட்டுலேர்ந்தே ஆபீஸ் வேலை. நடுவுல நாலரை இஞ்ச் சுவர் வெச்சா ரெண்டு ரூம்னு வீட்டுல பேச்சு.

பத்தடி உயர செங்கல் சுவர், பூச்சோட ரெண்டரை டன்னைத் தாண்டும் மக்களே! கீழே தாங்க உத்திரமோ சுவரோ இருக்கான்னு இன்ஜினியர்கிட்ட காட்டாம வைக்கக் கூடாது. ஜிப்சம் போர்டுன்னா சுமார் பத்துல ஒரு பங்கு எடைதான். சத்தம் கேக்கும், நடுவுல ராக்வூல் அடைச்சா குறையும்.

ஆனா என் கவலை ஜன்னல். ஈரமும் வெக்கையும் உள்ள ஊர்ல, தரைப்பரப்புல ஆறுல ஒரு பங்கு ஜன்னல் திறப்பு வேணும்னு தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2005லயே சொல்லியிருக்கு. எங்க பாதி ரூமுக்கு 18 சதுர அடி.

திண்டிவனத்துல அத்தை வீட்டுல தடுத்தப்ப ரெண்டு ஜன்னலும் ஒரே பக்கம் போயிடுச்சு. மறுபக்கம் ஆயாவுக்கு. பகல்லயும் லைட்டு. ஆயா எதையும் கேக்காத ஆளு, அதான் வசதியாப் போச்சு.

என் கட்சி இதுதான்: ஆளுக்கொரு ஜன்னல் வர்ற மாதிரி கோடு போடுங்க. இல்லேன்னா வெளிச்சுவர்ல புதுசா ஒண்ணு திறங்க. ரெண்டும் முடியாதா? அந்த இருட்டுல யார் படுக்கப் போறாங்கன்னு பேரைச் சொல்லிட்டு அப்புறம் கொத்தனாரைக் கூப்பிடுங்க.