தமிழ்த் திருப்பலியில் கிரகோரியன் பண்: எங்கள் நிலைப்பாடு

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சீர்திருத்தத்தை நாங்கள் முழு மனத்தோடு ஏற்கிறோம். வாசகங்களைத் தமிழில் கேட்பதும் தமிழில் பதிலுரைப்பதும் நமக்குக் கிடைத்த பெரும் பேறு. அதை விட்டுக்கொடுக்க எங்களில் ஒருவரும் தயாராக இல்லை. ஆனால், பங்குப் பாடகர் குழுக்களில் பாடிவரும் பொதுநிலையினரான எங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. திருச்சபையின் பழைய இலத்தீன் வழிபாட்டு இசையான கிரகோரியன் பண் என்று பேச்செடுத்தாலே, 'அதையெல்லாம் சங்கம் எடுத்துவிட்டதே' என்கிறார்கள். சங்கம் எடுக்கவில்லை.

1963 டிசம்பர் 4 அன்று வெளியான திருவழிபாடு பற்றிய சங்க ஏடு, தன் 116-ஆம் எண்ணில், கிரகோரியன் இசை உரோமை வழிபாட்டுக்கே உரியது என்று சொல்லி அதற்கு முதன்மை இடம் தருகிறது. தாய்மொழிக்கு வழிவிட்ட 54-ஆம் எண்ணே, மக்கள் தங்களுக்குரிய பகுதிகளை இலத்தீனிலும் பாடத் தெரிந்திருக்க ஆவன செய்யச் சொல்கிறது. ஒரே வழிபாட்டில் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு மொழிகளில் பாடத் தடையில்லை என்று திருஇசை பற்றிய 1967-ஆம் ஆண்டு அறிவுரை தெளிவாக்கியது. புதிய திருப்பலி நூலை வெளியிட்ட திருத்தந்தை ஆறாம் பவுலே, 1974-இல் 'யூபிலாத்தே தேயோ' என்ற சிறு பண்தொகுப்பை உலக ஆயர்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

அதிலுள்ளவை தேர்ந்த பாடகர்களுக்கு மட்டுமானவை அல்ல. அதில் வரும் 'சாங்க்துஸ்' ('தூயவர்' பாடல்) ஒரு சில சுரங்களுக்குள்ளேயே நகர்கிறது. குருவானவர் பாடும் தொடக்கவுரையின் மெட்டிலிருந்து இழை அறாமல் எழுகிறது. தாளக்கட்டு கிடையாது, சொல்லின் நடையே பண்ணின் நடை. கீபோர்டில் ஏற்றிவைத்த ரிதத்தைத் தட்டிவிட்டால் அது சிதைந்துபோகும். நம் தமிழ்ப் பாடல்களையும் அந்த ரிதம்தான் கெடுத்துவருகிறது என்பது எங்கள் உறுதியான கருத்து.

இலத்தீனுக்காக மட்டும் நாங்கள் வாதாடவில்லை. இலங்கையில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் 18-ஆம் நூற்றாண்டில் இயேசுவின் பாடுகளைப் பற்றித் தமிழில் இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' தவக்காலத்தில் பழைய ராகத்தில் ஒலிக்க வேண்டும். அந்த ராகம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே இளையோர் அருகில் உட்கார்ந்து கற்க வேண்டும்.

சீர்திருத்தத்துக்கு முந்தைய, 1962-ஆம் ஆண்டின் இலத்தீன் திருப்பலி நூலை நாடுவோரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2021-இல் அதற்கு விதித்த கட்டுப்பாடுகளுக்குக் கீழ்ப்படிகிறோம். ஆனால் அவர்களை ஒட்டுமொத்தமாகப் பிளவுக்காரர் என்று பழிப்பதை ஏற்கமாட்டோம். அமைதியையும் பழைய பண்ணையும் தேடி அங்கே போனவர்கள் பலர். சொந்தப் பங்கிலேயே அவை கிடைத்திருந்தால் அவர்களில் எத்தனையோ பேர் போயிருக்க மாட்டார்கள்.

மறைமாவட்டத் திருவழிபாட்டுப் பணிக்குழுக்களிடமும் பங்குத்தந்தையரிடமும் எங்கள் வேண்டுகோள் இதுதான். வரும் தவக்காலத்தில் ஞாயிறு திருப்பலியில் கிரேக்கக் 'கிரியே'யையும் இலத்தீன் 'ஆஞ்ஞுஸ் தேயி'யையும் மக்கள் பாடட்டும். மற்றவை தமிழிலேயே இருக்கட்டும். நற்கருணை உட்கொண்டபின் சிறிது நேரம் எந்தப் பாட்டும் இன்றி மௌனம் நிலவட்டும். பாடகர் குழுவுக்கும் மக்களுக்கும் சொல்லித்தர எங்கள் உறுப்பினர்கள் வருவார்கள். கட்டணம் எதுவும் வாங்கமாட்டோம். பங்குத்தந்தை அழைத்தால் போதும்.