திறந்த கதவும் காலி நாற்காலியும்

2021-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் உலகமெங்கும் ஜனங்கள் ஓர் ஆங்கிலக் கிராம சபையைக் கண்டு நகைத்தார்கள். செஷயர் பிரதேசத்தைச் சேர்ந்த ஹாண்ட்ஃபோர்த் என்னும் ஊரின் பாரிஷ் கவுன்ஸில், தொற்று நோய்க் காலமாதலால், அதற்கு முந்திய டிசம்பர் மாதத்தில் இணையத்தின் மூலமாகக் கூடிற்று. கூட்டமே சட்ட விரோதமானதென்று அக்கிராசனர் வாதாடினார். நடவடிக்கைகளுக்கு உதவி செய்ய வந்திருந்த அம்மையார் அவரைத் திரையினின்றும் அகற்றி விட்டார். மற்றோர் அங்கத்தினர், விதிகளைப் படித்துப் பாருங்கள் என்று அதட்டினார். இரண்டு மாதங்களுக்குப் பின் அந்தக் காட்சி வெளிப்படவே, லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். கிராம சபையென்றால் இவ்வளவுதான் என்று பரிகாசம் செய்தோரும் உண்டு.

நாம் அப்பரிகாசத்தில் கலந்துகொள்ளச் சித்தமாயில்லை. அந்தக் கூட்டத்தில் நகைப்பதற்குரியது கொஞ்சம், சிந்திப்பதற்குரியது அதிகம். அக்கூட்டத்தைக் கூட்டியவர் அக்கிராசனர் அல்லர், அங்கத்தினரில் இருவர். 1972-ஆம் வருஷத்து ஸ்தல ஸ்தாபனச் சட்டத்தின்படி, விசேஷக் கூட்டத்தைக் கூட்ட அக்கிராசனர் மறுத்தாலும், குறித்த நாளைக்குள் கூட்டத் தவறினாலும், இரண்டு அங்கத்தினர்கள் தாமே அதைக் கூட்டலாம். வழக்கெல்லாம் இந்த உரிமையைப் பற்றியதே. நாற்காலியில் அமர்ந்திருப்பவர் விரும்பினாலன்றிச் சபை கூடாதென்றால், அது சபையாகாது, தர்பாராகும். கூச்சல் அநாகரிகமானது, ஆனால் கூச்சலுக்குக் காரணமான பிரச்னை அற்பமானதன்று.

இந்த உரிமையின் விலையை அறிய வேண்டுமாயின், ஏறக்குறைய இருநூறு வருஷங்களுக்கு முன் செல்லவேண்டும். வார்விக்ஷயர் பிரதேசத்தில் பார்ஃபோர்ட் என்னும் கிராமத்தில் 1826-ஆம் வருஷம் பிறந்தவர் ஜோஸப் ஆர்ச். பண்ணை வேலை செய்து பிழைத்த குடும்பம். தாம் சிறுவனாயிருந்தபொழுது மாதாகோவில் கதவின் சாவித் துவாரத்தின் வழியே கண்ட காட்சியொன்றை, 1898-இல் வெளிவந்த தமது சுயசரிதத்தில் அவர் கூறியிருக்கிறார். கர்த்தரின் பந்தியை அணுக முதலில் ஊர்ப் பெரிய மிராசுதார் எழுந்து சென்றார். பின்னர் குத்தகைக்காரர்கள், அவர்களுக்குப் பின் கடைக்காரரும், தச்சரும், கொல்லரும். எல்லோருக்கும் கடைசியில் ஏழைப் பண்ணையாட்கள். கடவுளின் சந்நிதியிலும் இந்த வரிசை மாறவில்லை. ஜாதிக் கட்டுப்பாடு கீழ் நாடுகளுக்கே உரிய வியாதியென்று உபந்நியாசம் செய்த ஆங்கிலேயர், தங்கள் கிராமக் கோவிலின் சாவித் துவாரத்தின் வழியே ஒரு முறை பார்த்திருக்கலாம்.

கோவிலில் இருந்த வரிசையே கிராம நிர்வாகத்திலும் இருந்தது. ஊர்க் காரியங்களைப் பார்த்தது வெஸ்ட்ரி என்னும் கோவிற் சபை. அதற்குத் தலைவர் பாதிரியார். 1818-ஆம் வருஷத்துச் சட்டமொன்று, 50 பவுனுக்குட்பட்ட சொத்து மதிப்புள்ளவனுக்கு ஒரு வோட்டும், அதற்கு மேல் ஒவ்வொரு 25 பவுனுக்கும் இன்னொரு வோட்டுமாக, ஒரே மனிதனுக்கு ஆறு வோட்டு வரையில் அளித்தது. வரி செலுத்தும் நிலையிலும் இல்லாத பண்ணையாளுக்கு அச்சபையில் குரலேது? 1834-இல் டார்ஸெட் பிரதேசத்தில் டால்படில் கிராமத்து உழவர் அறுவர், கூலிக் குறைப்பைத் தடுக்கச் சங்கமாகச் சேர்ந்து பிரமாணம் செய்துகொண்ட குற்றத்திற்காக, ஆஸ்திரேலியாவிற்கு ஏழு வருஷத் தீவாந்தர சிக்ஷை பெற்றார்கள். ஜனங்களின் கிளர்ச்சியினால் 1836-இல் அவர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது. அவர்களைப் போன்றோர்க்குச் சொந்தக் கிராமத்தில் ஒரு நாற்காலி கிடைக்க இன்னும் அறுபது வருஷங்கள் செல்ல வேண்டியிருந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நமது நேயர்கள் கவனிக்கவேண்டும். 1882-இல் ரிப்பன் பிரபு இந்தியாவிற்கு ஸ்தல சுய ஆட்சித் தீர்மானத்தை வெளியிட்டபோது, இத்தேசத்து ஜனங்கள் அதற்குத் தகுதி பெறவில்லையென்று ஆக்ஷேபித்த ஆங்கில அதிகாரிகள் பலர். அன்றைய தேதியில் அவர்களுடைய சொந்த நாட்டுக் கிராமவாசியே தான் தேர்ந்தெடுத்த கிராம சபையொன்றைக் கண்டதில்லை! தகுதி வந்தபின் உரிமை என்னும் வாதம், கொடுக்க மனமில்லாதவர் எத்தேசத்திலும் கூறும் வாதமேயாம்.

1872-இல் ஜோஸப் ஆர்ச் பண்ணைத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். 1884-இல் கிராமத் தொழிலாளருக்குப் பார்லிமெண்டு வோட்டுரிமை வந்தது. மறு வருஷமே ஆர்ச் காமன்ஸ் சபையில் அமர்ந்தார். சில வருஷங்களுக்குப் பின், கிளாட்ஸ்டனின் கடைசி மந்திரி சபை பாரிஷ் கவுன்ஸில் மசோதாவைக் கொண்டுவந்தது. பிரபுக்கள் சபை அதைத் திருத்தித் திருத்திச் சிதைக்க முயன்றது. 1894 மார்ச்சு 1-ஆம் தேதி, கிளாட்ஸ்டன் காமன்ஸ் சபையில் தமது கடைசிப் பிரசங்கத்தை நிகழ்த்தியது இத்திருத்தங்களைக் குறித்தேயாகும். சாம்ராஜ்யத்தின் முதல் மந்திரியாக நான்கு முறை இருந்தவர் இறுதியாகப் பேச எழுந்தது கிராமத்தானின் சபைக்காக என்பது சிறிய விஷயமன்று. அம்மாதம் 5-ஆம் தேதி மசோதா சட்டமாயிற்று. டிசம்பரில் முதல் தேர்தல்கள் நடந்தன. மணமான பெண்களும் வோட்டளிக்கவும், அங்கத்தினராக அமரவும் இடம் பெற்றார்கள். பார்லிமெண்டுத் தேர்தலில் ஆங்கிலப் பெண்களுக்கு வோட்டு வந்ததோ 1918-இல்தான். அதுவும் 30 வயதிற்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

கதவைத் திறந்த சட்டம் பணப்பையை மட்டும் இறுகக் கட்டிவைத்தது. வரி விதிப்பதற்குரிய மதிப்பில் பவுன் ஒன்றுக்கு 3 பென்ஸுக்கு மேற்பட்ட செலவை, ஊர்க்கூட்டத்தின் சம்மதமில்லாமல் செய்யக்கூடாது. சம்மதமிருந்தாலும் 6 பென்ஸுக்கு மேற்போகலாகாது. ஒரு பவுனுக்கு 240 பென்ஸ் வழங்கிய காலம் அது. அந்த உச்ச வரம்பு இன்று இல்லை. ஆயினும், சிறு அதிகாரமும் சிறு பணமும் என்னும் அன்றைய மனப்பான்மை இன்னும் மாறவில்லை.

இன்று இங்கிலாந்தில் சுமார் 10,000 பாரிஷ், டவுன் கவுன்ஸில்கள் இருக்கின்றன. குறைந்தது ஐந்து அங்கத்தினர். நான்கு வருஷப் பதவி. பல சபைகளில் சம்பளம் வாங்குபவர் காரியதரிசி ஒருவரே. அங்கத்தினர் பெரும்பாலும் ஊதியமின்றியே உழைக்கிறார்கள். கவுன்ஸில் தனக்கு வேண்டிய தொகையைத் தீர்மானித்து அறிவிக்க, மேலேயுள்ள பெரிய சபை அதை வீட்டு வரியோடு சேர்த்து வசூலித்துக் கொடுக்கிறது. கூட்டத்திற்கு முழுதாக மூன்று நாட்கள் முன்னதாக அறிவிப்பு ஒட்டவேண்டும். வேறிடம் கிடைக்காமற் போனாலன்றி, மது விற்கும் இடத்தில் கூட்டம் நடத்தலாகாது. 1960-ஆம் வருஷத்துச் சட்டமொன்றின்படி பொது ஜனங்களும் பத்திரிகைக்காரர்களும் உள்ளே வந்து கவனிக்கலாம். பிற்காலத்தில் முதல் மந்திரியான மார்கரெட் தாட்சர், புதிய அங்கத்தினராகப் பார்லிமெண்டில் தனிப்பட்ட முறையில் கொண்டுவந்த மசோதா அது. கணக்குப் புஸ்தகங்களை வருஷந்தோறும் 30 வேலை நாட்கள் எந்த வோட்டரும் பார்வையிடலாம். கவுன்ஸிலுக்கு அப்பால், ஊரார் அனைவரும் கூடும் பாரிஷ் கூட்டமும் உண்டு. மாலை 6 மணிக்கு முன் அது தொடங்கக்கூடாது. வேலை முடிந்து வருகிறவனுக்கும் இடமிருக்கவேண்டுமல்லவா? ஆறு வோட்டர்கள் சேர்ந்தால் அக்கூட்டத்தைத் தாமே கூட்டலாம். காய்கறி பயிரிடத் துண்டு நிலம் வேண்டுமென்று ஆறு பேர் எழுதிக் கேட்டால், கவுன்ஸில் அதை ஆலோசித்தே தீரவேண்டும்.

சாவித் துவாரத்தின் வழியே பார்த்த சிறுவனின் ஊருக்குச் சட்டம் இவ்வளவு அகலமான கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் உள்ளே எத்தனை பேர் வருகிறார்கள்? இதுவே நம்மை வருத்தும் கேள்வி. கிராமம் கிராமமாகத் தேர்தல் போட்டியின்றி முடிகிறது. இடங்களுக்குத் தக்க அபேட்சகர்கள் கிடைப்பதில்லை. மீதியுள்ள நாற்காலிகளில் இருப்பவர்களே தமக்குத் தெரிந்தவர்களை அழைத்து அமர்த்திக்கொள்கிறார்கள். இடையில் ஓரிடம் காலியானால், பத்து வோட்டர்கள் கேட்டால்தான் உபதேர்தல். அதன் செலவு பாரிஷின் தலையிலேயே விழக்கூடுமாதலால், கேட்கவும் பலர் தயங்குகிறார்கள். அழைப்பின் பேரில் வந்தோர் கெட்டவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஊருக்காக மாலைப் பொழுதைத் தத்தம் செய்யும் நல்லவர்களே பலர். ஆயினும், ஜனங்கள் அனுப்பாத பிரதிநிதி ஜனங்களுக்கு எவ்வாறு பதில் சொல்லுவான்? ஆறு வோட்டுள்ள மிராசுதார் போய்விட்டார். அவர் இடத்தில் ஒரு வோட்டும் பெறாத அங்கத்தினர் வந்திருப்பது முன்னேற்றத்தின் முடிவாகாது.

ஜனங்கள் வராததற்கு அவர்களுடைய சோம்பலை மட்டும் காரணமாகச் சொல்லுவது நியாயமன்று. அதிகாரமில்லாத சபைக்கு யார் வருவார்? கிராமத்தைத் தலைகீழாக மாற்றக்கூடிய காரியம் வீடு கட்டும் அனுமதி. அதில் பாரிஷ் கவுன்ஸில் அபிப்பிராயம் சொல்லலாமேயன்றி முடிவு செய்ய முடியாது. 2011-ஆம் வருஷத்துச் சட்டம் ஒரு வழியைத் திறந்தது. ஊரார் தங்கள் பகுதிக்கு வீடுகள் எங்கே, எத்தகையவை என்று திட்டம் வகுத்து, ஜன வாக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்டோர் ஆதரித்தால், அது பெரிய சபையையும் கட்டுப்படுத்தும் திட்டத்தின் ஒரு பகுதியாகிறது. 2013 மார்ச்சில், கும்ப்ரியா மலைப் பிரதேசத்து அப்பர் ஈடன் ஜனங்கள் முதன்முதலில் அத்தகைய திட்டத்தை வோட்டளித்து நிறைவேற்றினார்கள். அதிகாரம் கொடுத்த இடத்தில் கிராமவாசி வருகிறான் என்பதற்கு இது சாட்சி. தொலைபேசிக் கம்பெனி கைவிட்ட சிவப்புத் தொலைபேசிக் கூண்டுகளை ஒரு பவுன் விலைக்கு வாங்கி, புஸ்தகசாலையாகவும், இருதயம் நின்றவனைப் பிழைக்கச் செய்யும் கருவியை வைக்கும் இடமாகவும் மாற்றிய கிராமங்கள் பல. கையில் கிடைத்ததைக் கொண்டு காரியம் செய்யும் சக்தி அங்கே இல்லாமலில்லை.

இச்சமயத்தில்தான் இங்கிலாந்தின் ஸ்தல ஆட்சி முறையே மாற்றத்திற்குள்ளாகி வருகிறது. 2024 டிசம்பரில் சர்க்கார் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கவுண்டி, ஜில்லா என்னும் இரட்டை அடுக்கு சபைகளை நீக்கி, 5 லட்சம் ஜனங்கள் அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு ஒரே சபை என்பதைப் பொதுவான அளவாகக் கூறிற்று. ஸர்ரே பிரதேசத்தில் ஒரு கவுண்டி சபையும் 11 ஜில்லா சபைகளும் போய், இரண்டே சபைகள் வருமென்று 2025 அக்டோபரில் முடிவு வெளியாயிற்று. செலவு குறையும், குழப்பம் தீரும் என்கிறார்கள், இருக்கலாம். ஆனால் 5 லட்சம் பேருக்கு ஒரு சபையென்றால், 500 பேர் வாழும் கிராமத்தின் குரல் அங்கே எவ்விதம் எட்டும்? ஜில்லா சபை மறைந்தபின், கிராமவாசி கால்நடையாகச் சென்று கதவைத் தட்டக்கூடிய சபை பாரிஷ் கவுன்ஸில் ஒன்றுதான்.

ஆகவே நாம் கூறுவது இதுவே. மேலே சபைகள் பெரிதாக வேண்டுமானால், கீழே சபைகள் பலம் பெறவேண்டும். பூங்காவையும், மலஜல கூடத்தையும், மயானத்தையும் பராமரிக்கும் பொறுப்பை மட்டும் கீழே தள்ளி, அதற்குரிய பணத்தை மேலேயே வைத்துக்கொள்வது அதிகாரப் பங்கீடாகாது. சுமையை இறக்கி வைக்கும் தந்திரமேயாகும். பொறுப்போடு பொருளும், பொருளோடு வீடு, நிலம் சம்பந்தமான முடிவுகளில் உண்மையான பங்கும் பாரிஷ் கவுன்ஸில்களுக்கு வரவேண்டும். உபதேர்தலின் செலவு சிறு கிராமத்தைப் பயமுறுத்தாதபடி பெரிய சபைகள் ஏற்கவேண்டும்.

"ஹாண்ட்ஃபோர்த்தில் நடந்ததைப் பார்த்த பின்னுமா அதிகாரம் கொடுக்கச் சொல்லுகிறீர்கள்?" என்று கேட்பவர்களுக்கு நமது பதில் சுருக்கமானது. சச்சரவு பார்லிமெண்டிலும் உண்டு. அதற்காக எவரும் பார்லிமெண்டை மூடச் சொல்லவில்லை. ஹாண்ட்ஃபோர்த்தில் அக்கிராசனர் எதிர்த்தும் கூட்டம் நின்றுவிடவில்லை. விதி நின்றது, அவர்தாம் வெளியேற நேர்ந்தது. அது சபையின் பலவீனத்திற்கன்று, பலத்திற்கே அத்தாட்சியாம்.

பார்லிமெண்டு செய்யவேண்டியது அவ்வளவு. எஞ்சியது கிராமவாசியின் கடமை. டால்படில் உழவர் தீவாந்தரம் சென்றும், ஆர்ச் ஊர் ஊராக நடந்து பேசியும் தேடித்தந்த நாற்காலி அது. அதில் அமர இன்று ஆறு வோட்டுக்குரிய சொத்து வேண்டாம். பாதிரியாரின் தயவு வேண்டாம். மனுப் பத்திரத்தில் கையெழுத்திட்டு, அயலாரிடம் வோட்டுக் கேட்கும் துணிவு இருந்தால் போதும். கொடாத உரிமையைப் போராடிப் பெறலாம். பெற்ற உரிமையை உபயோகியாமல் விட்டவனுக்கு அதை மீட்டுத் தர எந்தச் சட்டத்தாலும் முடியாது.